கொடுமை தாங்க முடியாத நாவலை எங்கே நிறுத்துவது

நான் நிறுத்தியது 212ஆம் பக்கத்தில். மொத்தம் 430 பக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போட, மலாயாவில் இருந்த நம் தமிழ் ஆட்களைத் தோட்டம் தோட்டமாக அள்ளிக்கொண்டு போன காலத்தைப் பற்றிய நாவல் அது. பெயரைச் சொல்லவில்லை. எழுதியவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நன்றாக எழுதியிருந்ததால்தான் என்னால் முடியாமல் போனது.

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்ட ஆஸ்பத்திரிகளில் 31 வருஷம் டிரெசராக, அதாவது காயத்துக்கு மருந்து கட்டும் உதவியாளராக இருந்தவன் நான். செம்பனைக் குலை வெட்டும் அரிவாள் நழுவித் தோள் பிளந்தவர்கள், மட்டை முள் உள்ளங்கையில் முறிந்து சீழ் வைத்தவர்கள், குடித்துவிட்டு மோட்டாரில் போய் வாய்க்காலில் விழுந்தவர்கள் என்று எத்தனையோ பேருக்குத் தையல் போட்டிருக்கிறேன். ரத்தம் எனக்குப் புதிது இல்லை. அப்படிப்பட்டவனுக்கே இந்தப் புத்தகத்தை எடுத்தால் நெஞ்சு அடைத்தது. அதை எப்படி நிறுத்தினேன், நிறுத்தும்போது எதையெல்லாம் கவனித்தேன் என்று எழுதி வைக்கிறேன். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மட்டும் இதே மாதிரி பாதிப் புத்தகத்தோடு திண்டாடுகிறவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

முதல் வேலை, புத்தகம் கனமாக இருக்கிறதா, இல்லை உங்களை வதைக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பது. கனமான புத்தகத்தைக் கீழே வைத்த பிறகும் அதில் வரும் ஆட்களை நினைத்துக்கொண்டிருப்போம். அவன் என்ன ஆனான், அவள் வீட்டுக்கு யார் அரிசி கொடுத்தார்கள் என்று மனம் போகும். வதைக்கிற புத்தகத்தில் ஆட்கள் மறைந்துவிடுவார்கள். அடி மட்டும் நிற்கும். அடித்த கம்பு, விழுந்த சத்தம், முகம். மூன்றாம் நாள் அந்த மனிதனின் பெயரை ஞாபகப்படுத்திப் பார்த்தேன், வரவில்லை. அடி வாங்கிய விதம் மட்டும் பிசகாமல் ஞாபகம் இருந்தது. எனக்கு அதுதான் முதல் அடையாளம்.

உடம்பும் சொல்லும். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே தாடை இறுகுகிறதா? ஒரே பத்தியை நான்கு முறை படித்தும் உள்ளே போகவில்லையா? பக்கத்தைப் புரட்டும் முன் கண் ஓரமாக ஓடி அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உளவு பார்க்கிறதா? இரவில் தூக்கம் கலைகிறதா? இதில் இரண்டு இருந்தாலும் யோசியுங்கள். எனக்கு நான்கும் இருந்தன. எங்கள் வீடு தண்டவாளத்திலிருந்து ரொம்ப தூரம் இல்லை. இரவு வண்டி போகிற சத்தத்துக்கு 20 வருஷமாக விழித்ததில்லை. அந்த வாரம் ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து உட்கார்ந்தேன். மனைவிதான் விளக்கைப் போட்டு, "அந்தப் புத்தகத்த மூடி வைங்க, போதும்" என்றார்.

அவசரப்பட்டும் மூடிவிடக் கூடாது. நேரத்தையும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். இரவில் படித்ததைக் காலையில் படியுங்கள். தனியாகப் படித்ததை நாலு பேர் நடுவில் படியுங்கள். நான் மூன்று நாள் புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, நான்காம் நாள் காலையில் பசியாறப் போகும் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ரொட்டி சானாய் தட்டுகிற சத்தம், பக்கத்து மேசையில் பந்து விளையாட்டைப் பற்றிய சண்டை, சர்க்கரை குறைத்த தே (தேநீர்). இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பத்துப் பக்கம் போனது. அதற்குமேல் போகவில்லை. சிலருக்கு இது உதவும். உதவினால் அப்படியே தொடருங்கள், நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

எனக்கு ஏன் உதவவில்லை என்று அந்த மேசையில்தான் புரிந்தது. அன்றைக்குப் படித்தது காலராக் கொட்டகை அத்தியாயம். மூங்கில் தட்டியில் வரிசையாகக் கிடக்கிறார்கள். மழை உள்ளே அடிக்கிறது. ஒருவன் தண்ணீர் கேட்கிறான், கேட்டதற்கு உதைக்கிறார்கள். படித்துக்கொண்டே இருக்கும்போது என் மனம் ஒரு பக்கம் தானாக ஓதிக்கொண்டிருந்தது: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. நான் எத்தனையோ தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. குனிந்து பார்க்கிறேன், என் வலது கை தே கலக்கும் சிறு கரண்டியை எடுத்து வைத்திருந்தது. 1943இல் அந்தக் காட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. 1971இல் வங்காளதேசப் போரின்போது அகதி முகாம்களில் காலரா பரவியபோதுதான், உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் ஆயிரக்கணக்கான பேரைக் காப்பாற்றும் என்று உலகத்துக்கே தெரிந்தது. நான் கரண்டியை வைத்துக்கொண்டு யாருக்குக் கலக்குவது?

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்தபோதெல்லாம் என் கைக்கு வேலை இருந்தது. நாவலில் கைக்கு வேலை இல்லை. இன்னும் 218 பக்கம் நான் வெறுமனே நின்று பார்க்க வேண்டும். நிறுத்திவிடலாம் என்று அப்போது முடிவு செய்தேன். உங்களுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "பிடிக்கவில்லை" என்று விட்டுவிட்டால் அந்தப் புத்தகம் அலமாரியிலிருந்து உங்களை முறைத்துக்கொண்டே இருக்கும். காரணத்தைச் சொல்லிவிட்டால் அந்த முறைப்பு குறைந்துவிடும்.

சரி, நிறுத்துவது என்று முடிவாகிவிட்டது. எந்த இடத்தில் நிறுத்துவது? பெரும்பாலானவர்கள் தாங்க முடியாத இடத்திலேயே மூடிவிடுகிறார்கள். தவறு அங்கேதான். கடைசியாகப் பார்த்த காட்சிதான் மனதில் தங்கும். ஒருவன் உதைபட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் மூடினால், உங்களைப் பொறுத்தவரை அவன் ஆயுள் முழுக்க உதைபட்டுக்கொண்டே இருப்பான். ஆகவே பின்னால் போங்கள். படித்து முடித்த பக்கங்களைத் திருப்பி, அந்த ஆட்கள் கொஞ்சம் மூச்சு விடுகிற ஓர் இடத்தைத் தேடுங்கள். எந்த நல்ல நாவலிலும் அப்படி ஓர் இடம் இருக்கும். நான் 131ஆம் பக்கத்துக்குப் போனேன். ஆற்றங்கரையில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே பீடியை மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். ஒருவன் ஊரில் விட்டுவந்த ஆட்டைப் பற்றிப் பேசுகிறான். குட்டி போட்டிருக்கும் என்கிறான். அந்தப் பக்கத்தை மெதுவாக இரண்டு முறை படித்தேன். பழைய கிளினிக் அட்டை ஒன்றை அங்கே வைத்து மூடினேன். 212இல் இருந்த அடையாளத்தை எடுத்துவிட்டேன். இந்த ஒன்றைச் செய்யாமல் நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு இரவுதான் நான் வண்டிச் சத்தத்துக்கு எழவில்லை.

முடிவு தெரியாமல் இருக்க முடியாது என்பவர்கள் கடைசிப் பக்கத்தைத் தாங்களே புரட்டக் கூடாது. அங்கே என்ன காத்திருக்கிறது என்று தெரியாது. படித்து முடித்த ஒருவரிடம் கேளுங்கள், அதையும் ஒரே கேள்வியாகக் கேளுங்கள். நான் கேட்டது, "ஆட்டுக்காரன் ஊர் திரும்பினானா?" என்பது மட்டும். பதிலை இங்கே எழுதப் போவதில்லை, நீங்கள் அந்த நாவலைப் படிக்கக்கூடும்.

இனி கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். துப்பறியும் கதையில் கொலை அதிகம் என்று மூடினால் யாரும் கேட்கப் போவதில்லை. நம் சொந்தச் சனம் பட்ட பாட்டைப் பற்றிய நாவலை மூடினால் குற்ற உணர்வு வரும். எனக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்தவர் எங்கள் ஊரில் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாத்தியார். 45 வெள்ளி கொடுத்து வாங்கி, தான் படித்து முடித்த கையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்று கொடுத்தார். "டிரெசர், நம்ம கதைய நாமளே படிக்கலேன்னா வேற யாரு படிப்பா?" என்று சொல்லிக் கொடுத்தார். மூன்று வாரமாக அந்தக் கேள்விதான் என்னை நிறுத்தவிடாமல் பிடித்து வைத்திருந்தது.

அவர் கேட்டது நியாயம்தான். 415 கிலோமீட்டர் பாதை. மூன்று மாத வேலை என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். வர மறுத்தவர்களைப் பிடித்தும் ஏற்றினார்கள். 1943 அக்டோபர் 17இல் இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் ஒன்று சேர்ந்தது. அதற்குள் பல்லாயிரம் தமிழர்கள் போய்விட்டார்கள். காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக, பச்சைப் புல்லுக்கு நடுவே இருக்கின்றன. நம் ஆட்களுக்குப் பெயர் போட்ட கல் கிடையாது. அவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நம்மிடம் குறைவு. படிக்கிறவர்கள் அதைவிடக் குறைவு. இதெல்லாம் தெரிந்துதான் நானும் புத்தகத்தைக் கையில் வாங்கினேன்.

என் அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, அந்தப் பாதைக்குப் போனவர். பாட்டி ஒருநாளும் "செத்துட்டான்" என்று சொன்னதில்லை. "சயாமுக்குப் போயிருக்கான்" என்பார். கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னார். தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வீட்டில் சாப்பாடு போடும்போது ஒரு தட்டு கூடுதலாக இருக்கும். அது யாருக்கு என்று சின்னப் பிள்ளைகளாகிய நாங்கள் கேட்டதில்லை. கதவை ஒட்டினாற்போல் இருந்த அந்த ஓரத்து இடத்தில் யாரும் உட்காரவும் மாட்டோம். காலராக் கொட்டகையில் தண்ணீர் கேட்டவனைப் படித்தபோது அந்தத் தட்டைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் அதை நாவலாகப் படிக்கலாம், படிக்க வேண்டும். என்னால் அதை நாவலாகப் படிக்க முடியவில்லை.

குற்ற உணர்வுக்கு நான் கண்ட மருந்து, அந்தக் கடனை வேறு வழியில் அடைப்பது. நிறுத்திய வாரத்திலேயே செய்யுங்கள், தள்ளிப் போடாதீர்கள். நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, லாசா ரோட்டுப் பக்கம் மகளோடு இருக்கிற என் பெரியம்மாவிடம் போனேன். அவருக்கு வயது 91. மாமாவைப் பற்றிக் கேட்டேன். எப்படிச் செத்தார் என்று கேட்கவில்லை. அது யாருக்கும் தெரியாது. உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தார் என்று கேட்டேன். ரப்பர் பால் வெட்டப் போகும்போது, பால் வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பைக் குச்சி மாதிரி ஒரே கையால் சுற்றுவாராம். மாரியம்மன் கோவில் திருவிழாவில் உறுமி அடிப்பாராம். இடது காதில் கடுக்கன். சீனக் கடையில் கடன் வைத்து அம்மாவுக்கு வளையல் வாங்கிக் கொடுத்து, கடனை அடைக்காமலே வண்டி ஏறிவிட்டாராம். பாட்டிதான் அடைத்தாராம். பெரியம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தேன், நாலரைப் பக்கம் வந்தது. அந்த மத்தியானம் என் கைக்கு வேலை இருந்தது.

குடும்பத்தில் கேட்க யாரும் இல்லையென்றால் அதே காலத்தைப் பற்றிய வரலாற்றுப் புத்தகம் ஒன்றைப் படியுங்கள். வரலாற்றிலும் சாவு இருக்கும், நாவலைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் அது தள்ளி நின்று பேசும். எந்த ஆண்டு, எந்த வழி, எத்தனை பேர் என்று சொல்லும். உதைக்கிற காலுக்குக் கீழே உங்களைப் படுக்க வைக்காது. எனக்கு அது முடிந்தது.

இது சயாம் கதைக்கு மட்டும் உரியதும் இல்லை. எங்கள் தெருவில் ஓர் அக்கா, மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலத்தைப் பற்றிய நாவல் ஒன்றை 50 பக்கத்தில் வைத்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது ஏட்டுக் கதை இல்லை. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டார்கள். அதிலிருந்து ஆரம்பித்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை 12 வருஷம் ஓடியது. முள்வேலி, வாசலில் சோதனை, காட்டுக்குச் சோறு போய்விடுமோ என்று சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்ப்பது எல்லாம் அந்த அக்காவின் தாயார் வாழ்ந்த வாழ்க்கை. "எங்கம்மா வாயால கேட்டது போதும் டிரெசரய்யா, திரும்ப ஒரு தடவ வேணாம்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. கொடுமையே தெரியாத வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் அந்த நாவலைப் படித்தாக வேண்டும். அவர் படித்தாக வேண்டியதில்லை.

புத்தகம் கொடுத்தவரிடம் சொல்வது அடுத்தது. இதில் பொய் சொல்லாதீர்கள். "படிச்சிட்டேன், நல்லா இருந்துச்சு" என்று சொன்னால் அவர் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். பேசவும் ஆள் கிடைக்காமல் போவார் அவர். "நேரம் கிடைக்கல" என்றும் சொல்லாதீர்கள், "மெதுவா படிங்க" என்று இன்னும் ஆறு மாதம் உங்களிடமே விட்டு வைப்பார். படித்த பக்கத்தையும் நிறுத்திய காரணத்தையும் நேரில் சொல்லுங்கள். எழுத்தில் பிடித்த ஓர் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கைபேசியில் செய்தி அனுப்புகிற காரியம் இல்லை இது.

நான் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். "வாத்தியாரே, 212 வரைக்கும் வந்தேன். அதுக்கு மேல முடியல. எங்க மாமா முகம் வருது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் ரெண்டு ராத்திரி தூக்கம் இல்ல, டிரெசர். சொன்னா நீங்க படிக்க மாட்டீங்கன்னுதான் சொல்லல" என்றார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் பகலில், வேறு மனநிலையில் ஆரம்பித்திருப்பேன். ஆகவே நீங்கள் யாருக்காவது இப்படிப்பட்ட நாவலைக் கொடுப்பதாக இருந்தால், "இந்த அத்தியாயத்தில் சித்திரவதை வரும், இங்கே குழந்தை சாகும்" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். கோலாலம்பூரில் இருக்கும் என் மகள் ஸ்டோரிகிராஃப் என்ற செயலியைக் காட்டினாள். அதில் ஒரு புத்தகத்தில் என்னென்ன கொடுமைகள் வருகின்றன என்று வாசகர்களே பட்டியல் போட்டு வைக்கிறார்கள். தமிழ் நாவல்களுக்கு நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

புத்தகத்தை என்ன செய்வது? சொந்தப் புத்தகமாக இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். கட்டிலுக்குப் பக்கத்திலும் வைத்திருக்காதீர்கள். கண்ணில் படாத மேல் தட்டில் வைக்கலாம், இல்லையென்றால் தாங்கக்கூடிய ஒருவருக்குக் கொடுக்கலாம். எந்தப் பக்கத்திலிருந்து கடுமையாகிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி முதல் அட்டைக்குள் வையுங்கள். நான் "131 வரை வந்தால் ஆற்றங்கரை. 190க்கு மேல் பகலில் படிக்கவும்" என்று எழுதி வைத்தேன்.

அப்புறம், உடனே இன்னொரு நாவலை எடுக்க வேண்டாம். ஒரு வாரம் கையால் செய்கிற வேலை ஏதாவது செய்யுங்கள். நான் வாசலில் இருந்த பூந்தொட்டிகளுக்கு மண் மாற்றினேன். அடுத்துப் படிக்கும்போதும் வேறு உலகத்துக்குத் தாவ வேண்டியதில்லை. அதே மண், அதே சனம், சத்தம் குறைந்த எழுத்து என்று தேடினால் கிடைக்கும். நான் தோட்டப்புற நாட்டார் பாடல்களை எடுத்தேன். அவற்றிலும் துயரம் உண்டு, ஆனால் பாடுகிற ஒருவர் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார்.

புத்தகம் இப்போது வாத்தியார் வீட்டில் இருக்கிறது. போன சனிக்கிழமை என் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலரைப் பக்கத்தையும் வாசலிலேயே நின்று படித்தார். உறுமி என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "எந்தத் தோட்டத்துக் கோவில்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பெரியம்மாவிடம் போய்க் கேட்பதாக இருக்கிறோம்.